காரைக்காற் சிறாரும் ஆறாம் வகுப்புப் பாடநூல்களும்

திருச்சிற்றம்பலம்

உயிரானது தான் சார்ந்த பொருளின் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டு நிற்கும் இயல்பினது என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுமாறு இதற்கு உவமையாக எடுத்தோதப்பெறும். பதினோராண்டு நிரம்பிய ஒரு சிறுவன் பகற்பொழுதிற் பெரும்பகுதி சார்ந்திருப்பது பள்ளிக்கூடத்தை. அப்பள்ளிக்கூடத்தில் அவன் கண்ணும் கருத்தும் சார்ந்திருப்பன பாடநூல்கள். ஆதலின், அந்நூல்கள் எத்தன்மையன, அவை சிறாரை எவ்வண்ணமாக்கும் என்று ஆராய்தல் கல்வித்துறை அலுவலர்க்கு மட்டும் உரிய கடன் அன்று. உயிரின் இயல்பை ஓதியுணர்ந்த சைவ நன்மக்களுக்கு அது முதற்கடன் என்க.

இவ்வாராய்ச்சிக்குக் காரைக்காலினும் தக்க இடம் பிறிதில்லை. காரைக்காலம்மையார் திருவவதாரஞ் செய்த பதி அது. திருநள்ளாறு, திருத்தருமபுரம், திருத்தெளிச்சேரி, திருவேட்டக்குடி என்னும் பாடல் பெற்ற தலங்கள் அச்சிறு நிலப்பரப்பினுள்ளேயே அமைந்துள்ளன. அத்தகைய மண்ணிற் பிறந்த சிறார் ஆறாம் வகுப்பிற் புகுங்கால் அவர் கையில் அண்மையிற் புதிய நூல்கள் கொடுக்கப்பட்டன. அவற்றின் குணமும் குற்றமும் நடுவுநிலையில் நின்று நோக்கத்தக்கன.

காரைக்காற் கல்வியின் வரலாறு

பண்டு ஏனைச் சோழநாட்டூர்களைப் போலவே காரைக்காலிலும் திண்ணைப் பள்ளிக்கூடங்களே சிறார்க்கு எழுத்தறிவித்தன. மணலில் எழுதி, ஓலையிற் பயின்று, அரிச்சுவடியும் எண்சுவடியும் முடித்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என முறையே ஏறி, நிகண்டிற் புகுதல் அக்காலத்து வழக்கு. 1739 இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அவர் ஆட்சியில் எழுந்த அரசினர் பள்ளிகளிற் பிரெஞ்சு மொழி தலைமை பெற்றது. எனினும் தமிழும் கற்பிக்கப்பட்டது. பின்னாளிற் பாரதிதாசன் எனப் பெயர் பெற்ற கனகசுப்புரத்தினம் 1909 இல் தமிழாசிரியராக முதன்முதல் அமர்ந்தது காரைக்காலை அடுத்த நிரவி என்னும் ஊரிலேயாம்.

1954 நவம்பர் 1 ஆம் நாள் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தது; 1962 ஆகஸ்டு 16 ஆம் நாள் அம்மாற்றம் சட்டமுறையில் நிறைவெய்தியது. அதன்பின் புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தினதையும், ஏனாம் ஆந்திரத்தினதையும் தழுவி நின்றன. புதுவை அரசுக்கெனத் தனிப் பாடத்திட்டம் அமைந்ததில்லை. 2023-24 ஆம் கல்வியாண்டில் அரசினர் பள்ளிகளின் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புக்களும் 11 ஆம் வகுப்பும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் திட்டத்திற்கு மாறின. அடுத்த ஆண்டில் 10, 12 ஆம் வகுப்புக்களும் மாறின. 2024 இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு ஆறாம் வகுப்புக்குப் புதிய நூல்களை வெளியிட்டது. அவையே ஈண்டு ஆராய்ச்சிக்குரியன.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குங்கால் ஒன்று புலனாகும். பாரிசிலிருந்தும், சென்னையிலிருந்தும், தில்லியிலிருந்தும் காரைக்காற் சிறார்க்குப் பாடம் வந்ததேயன்றி, காரைக்காலிலிருந்து வந்ததில்லை. இது நூல் செய்தோர் குற்றம் அன்று. பெருநாட்டுக்கு ஒரு நூல் செய்வோர் சிற்றூர் ஒவ்வொன்றையும் அதனுள் அடக்கல் இயலாது. ஆயின் அவ்விடைவெளியை நிரப்புவார் யார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. இக்கட்டுரையின் பொருள் அவ்வினாவே.

நாவலர் வகுத்த வழி

தமிழ்ச் சிறார்க்கு வகுப்பு முறையாற் பாடநூல் செய்து அச்சிட்ட முன்னோருள் தலைசிறந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). பேர்சிவல் பாதிரியாரின் ஆங்கிலப் பள்ளியிற் கற்றும் கற்பித்தும் அம்முறையின் நலத்தை நேரிற் கண்டவர் அவர். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையையும், 1864 இல் சிதம்பரத்தில் அப்பெயரானே மற்றொரு வித்தியாசாலையையும் நிறுவினார். அவற்றிற் பயிலும் மாணாக்கர் பொருட்டுப் பாலபாடங்களும், சைவ வினாவிடைகளும், இலக்கணச் சுருக்கமும் இயற்றினார். இலங்கைப் பூமிசாத்திரமும் அவர் செய்ததே என்பது கருதத்தக்கது. சமயநூல் மட்டும் போதும் என்று அவர் எண்ணினாரல்லர். நிலநூலும் கணக்கும் இலக்கணமும் ஒருங்கு கற்ற மாணாக்கனையே அவர் விரும்பினார்.

அவருடைய நான்காம் பாலபாடம் கடவுள், ஆன்மா, கடவுள் வழிபாடு, அருள், கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு, பொய், சூது, கல்வி எனத் தலைப்பு வகுத்துச் செல்வது. இவற்றை ஒரு பாடமாகவன்றி, எல்லாப் பாடங்களுக்கும் அடிநிலமாக அவர் வைத்தார். மாணாக்கன் எதைக் கற்பினும் அக்கல்வியைத் தாங்கி நிற்கும் உயிர் ஒன்றே என்பதை அவர் மறந்தாரில்லை.

அந்நூல்கட்கும் குறை உண்டு. அவை சைவச் சிறார் ஒருவர்க்கே இயற்றப்பட்டவை. நாவலர் தம் காலத்துச் சாதிக் கட்டுப்பாடுகளைப் பேணியவர். அப்பகுதி இன்று கொள்ளற்பாலதன்று. அவர் உரைநடை தெளிவிற் சிறந்ததாயினும், சிறுவன் தானே வினவித் தானே கண்டறிதற்கு அங்கே இடம் சிறிது. ஆகவே, நாவலர் நூலை அவ்வாறே மீட்டுக் கொணர்ந்து இன்றைய சிறார் கையிற் கொடுத்தல் வேண்டும் என்பது ஈண்டுக் கருத்தன்று. அவர் ஒன்றுபடுத்திய முறையே கொள்ளத்தக்கது.

புதுநூல்களின் குணம்

புதிய ஆறாம் வகுப்பு நூல்களுள் கணிதநூல் 'கணித பிரகாஷ்' எனவும், அறிவியல் நூல் 'கியூரியாசிட்டி' எனவும், சமூகவியல் நூல் 'எக்ஸ்புளோரிங் சொசைட்டி' எனவும் பெயர் பெற்றன. கியூரியாசிட்டி என்பது அறிவேட்கை என்னும் பொருளது. பெயருக்கேற்பவே அந்நூல் சிறுவனை வினவத் தூண்டுகின்றது. காந்தத்தைக் கையிற் கொண்டு ஆராய்க, வெப்பத்தை அளந்து காண்க, நீர் ஆவியாமாற்றை நோக்குக என அது பணிக்கின்றது. மனப்பாடம் ஒன்றையே கல்வியெனக் கருதிய பழைய முறையினும் இது மேலானது என்பதிற் கருத்து வேறுபாடு இல்லை.

சைவ சித்தாந்தமும் இதனை வெறுப்பதன்று. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றளவைகளுட் காட்சியை முதற்கண் வைத்தது சித்தாந்தம். சிவஞான சித்தியாரை அருளிய அருணந்தி சிவாசாரியார் அளவை இலக்கணத்தை நூலின் முகப்பிலேயே வைத்தோதினார். அறிவது எவ்வாறு என்று தெளிந்த பின்னரே அறியப்படும் பொருளிற் செல்லுக என்பது அவர் திருவுள்ளம். ஆகலின், காட்சியையும் கருதலையும் சிறுவர்க்குப் பழக்கும் நூலைச் சைவர் மகிழ்ந்து ஏற்றல் வேண்டும்.

கணிதநூலில் மற்றொரு நலமும் உண்டு. பின்னங்களைப் பற்றிய இயலிற் பிரமகுத்தரின் முறை கூறப்பட்டுள்ளது. இருக்கு வேதத்தில் முக்காலைக் குறிக்கும் சொல்லோடு பொருளால் ஒத்தது என, தமிழில் வழங்கும் 'முக்கால்' என்னும் சொல்லும் அங்கே எடுத்துக்காட்டப்படுகின்றது. தில்லியில் எழுதிய நூல் தமிழுக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. அவ்வாயிலின் வழியே உட்புகுதல் காரைக்கால் ஆசிரியரின் கடமை.

உட்புகின் யாது காணலாம் எனின், கூறுதும் என்று பழந்தமிழ்க் கணக்கே முன்வரும். ஒன்றில் 20 இல் ஒரு பங்கு மா. 80 இல் ஒரு பங்கு காணி. 320 இல் ஒரு பங்கு முந்திரி. நிலத்திலும் அவ்வாறே, 20 மா கொண்டது ஒரு வேலி. 100 குழி கொண்டது ஒரு மா. 12 அடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி. ஆகவே ஒரு வேலி 2000 குழி. அஃதாவது 2,88,000 சதுர அடி. ஏக்கரிற் கூறின் ஏறத்தாழ ஆறேமுக்கால் எனச் சொல்ல வந்தவர் சற்றுக் குறைத்து ஆறே ஐந்தில் மூன்று என்க. மா என்னும் ஒரே சொல் பின்னத்தின் பெயராகவும் வயலின் அளவாகவும் நிற்றலை உழவர் வீட்டுச் சிறுவன் ஒருமுறை உணர்வானாயின், பின்னம் அவனுக்கு அச்சந்தரும் பாடமாக ஒருகாலும் இராது. பரப்பளவு என்னும் வேறோர் இயலும் அதனோடு உடன் விளங்கிவிடும்.

வானும் மண்ணும்

சமூகவியல் நூலின் முதலியல் நிலவுலகில் ஓரிடத்தைக் குறிக்கும் முறையைக் கற்பிப்பது. குறுக்குக் கோடும் நெடுங்கோடும் சிறுவனுக்கு வெறுங்கோடுகளாய் நின்றுவிடாமற் காப்பது எங்ஙனம்? காரைக்கால் கிழக்கு நெடுங்கோடு ஏறத்தாழ 79 பாகை 50 கலையில் உள்ளது. இந்திய நாட்டுப் பொதுநேரம் 82 பாகை 30 கலையைக் கொண்டு அமைந்தது. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை 2 பாகை 40 கலை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாக, கடிகாரம் பன்னிரண்டு காட்டிய பின் ஏறத்தாழப் பத்தரை நிமிடங் கழித்தே காரைக்காலிற் கதிரவன் உச்சியை அடைவான். ஆண்டின் பருவத்திற்கேற்ப இதிற் சில நிமிடங்கள் கூடவும் குறையவும் செய்யும். திருக்கோயிலின் உச்சிக்காலமணி கேட்டு வளரும் சிறுவன் ஒரு கோலை முற்றத்தில் நாட்டி இதனைத் தன் கண்ணாலே அளந்தறியலாம். காரைக்கால் வடக்குக் குறுக்குக் கோடு ஏறத்தாழ 11 பாகையில் உள்ளமையின், சித்திரைத் தொடக்கத்தில் ஒருநாளும் ஆவணி முற்பகுதியில் ஒருநாளும் நண்பகலில் அக்கோலின் நிழல் அடியிலேயே ஒடுங்கும். நிலநூல், கணிதம், அறிவியல் மூன்றும் ஒரு கோலின் நிழலில் ஒன்றுபடுதல் காண்க.

அறிவியல் நூலின் இறுதியியல் விண்மீன்களையும் கோள்களையும் பற்றியது. சனி கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு செல்லும். அதனைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பங்கிட்டால் ஓரிராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு வரும். சனிப்பெயர்ச்சியன்று திருநள்ளாற்றில் திரளும் கூட்டத்தைக் கண்ட காரைக்காற் சிறுவனுக்கு, அப்பெயர்ச்சியின் காலக்கணக்கு இவ்வகுத்தலின் விடையே என்று அறிவித்தல் எளிது.

ஈண்டே ஓர் எச்சரிக்கையும் வேண்டப்படுகின்றது. செயற்கைக்கோள்கள் திருநள்ளாற்றின் மேல் வரும்போது சிறிது நின்றுவிடுகின்றன என்றும், அயல்நாட்டு விண்வெளி நிலையத்தார் அதனைக் கண்டு வியந்தனர் என்றும் ஒரு செய்தி பல்லாண்டுகளாகப் பரவி வருகின்றது. அது மெய்யன்று. நிலவுலகைச் சுற்றும் கோள் ஓரூரின் மேல் நின்று பின் செல்லுதல் என்பது இயக்கவிதிக்கே ஒவ்வாதது. சைவர் சிலர் பத்திமேலீட்டால் இதனைச் சிறார்க்கும் சொல்லிவருகின்றனர். பின்னாளில் அச்சிறுவன் அறிவியல் கற்று அது பொய்யெனத் தெளியுங்கால், அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட மெய்களையும் பொய்யென எறிந்துவிடுவான். திருநள்ளாற்றின் பெருமை அயல்நாட்டார் சான்றிதழால் வந்ததன்று. மதுரையில் அனல்வாதத்தின்போது ஆளுடைய பிள்ளையார் தீயிலிட்ட ஏடு திருநள்ளாற்றுப் பதிகம் எழுதியது. அது வேவாது பசுமையாய் நின்றமையின் பச்சைப் பதிகம் எனப் பெயர் பெற்றது. அத்தலத்து முதல்வர் தருப்பாரணியேசுவரர். கோளுக்கு அஞ்சி வருவோர் கோளையும் இயக்கும் அவரை மறந்து மீளுதல் பெரிதும் இரங்கத்தக்கது. மெய்ப்பொருளை நாட்டப் பொய்ச்சான்று வேண்டுவதில்லை. வேண்டுமெனக் கருதுவோர் மெய்ப்பொருளை ஐயுறுகின்றார் என்பதே பொருளாம்.

நூலுரையும் கண்கூடும்

சமூகவியல் நூலில் ஊராட்சியும் நகராட்சியும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்கள் என விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. நல்லது. ஆயின் புதுவை அரசின் பகுதிகளில், முப்பத்தெட்டாண்டு இடைவெளிக்குப் பின் 2006 இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்தோர் பதவிக்காலம் 2011 இல் முடிந்தது. அந்நூல் வெளிவந்த 2024 ஆம் ஆண்டிலும் அடுத்த தேர்தல் நடைபெற்றிலது. ஆகவே அவ்வியலைக் கற்கும் காரைக்காற் சிறுவன், தான் பிறந்தது முதல் ஒருகாலும் கண்டிராத ஒன்றைத் தன்னூரில் உள்ளதாகப் படிக்கின்றான். நூலுரை ஒன்று, கண்கூடு ஒன்று. இவ்விரண்டும் மாறுகொள்ளுமிடத்துச் சிறுவன் கற்பது யாது? நூலில் உள்ளது தேர்வுக்கு, உலகில் உள்ளது வாழ்வுக்கு என்னும் பிளவையே கற்கின்றான். உரை என்னும் அளவை பழுதுபடுவது இவ்விடத்திலேயாம். ஆசிரியர் இதனை மறையாது எடுத்துரைத்து, ஏன் இவ்வாறாயிற்று என வினவச் செய்வாராயின் அப்பழுது நீங்கும்.

அந்நூலிற் பாரதப் பண்பாட்டின் வேர்களைக் கூறும் இயலும் உண்டு. வேதம், உபநிடதம், பௌத்தம், சமணம், பழங்குடியினர் வழிபாடு ஆகியவை அங்கே பேசப்படுகின்றன. திருத்தெளிச்சேரியை வணங்கிய ஆளுடைய பிள்ளையார் அடுத்துள்ள போதிமங்கையிற் புத்தரோடு வாதம் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பாடியுள்ளார். பௌத்தம் எங்கோ வடநாட்டில் எழுந்து எங்கோ மறைந்த ஒன்று எனக் கற்கும் சிறுவனுக்கு, அது தன்னூரின் அருகே வாழ்ந்த சமயம் என்பதும், கருத்து வேறுபட்டோர் சொல்லால் வாதிட்டனர் என்பதும் ஒருங்கே விளங்கும். வாணிகம் பற்றிய இயலைக் கற்குங்கால் பெரியபுராணத்தில் தனதத்தனும் பரமதத்தனும் தோன்றுவர்; கலமேறிச் சென்று பொருளீட்டிய வணிகர் குடி காரைக்காலில் வாழ்ந்ததை அவர் வரலாறு காட்டும். 2025 இல் வெளிவந்த ஏழாம் வகுப்பு நூலில் நிலம் புனிதமாமாற்றைப் பற்றி ஓரியலே அமைந்துள்ளது. கயிலைமலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்தேறிய அம்மையாரின் வரலாற்றினும் அதற்கு மிக்க சான்று வேறு உண்டோ?

தாய்மொழியின் இழப்பு

இதுகாறும் கூறியவை ஆசிரியரின் முயற்சியாற் சீர்படத்தக்கவை. அவ்வாறு எளிதிற் சீர்படாதது ஒன்று உண்டு. அஃது மொழி. தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் வழங்கிய காலத்துத் தமிழ்வாயிலாக அறிவியலும் கணிதமும் கற்றற்கு வழி இருந்தது. புதுத்திட்டத்தில் தமிழ் ஒரு தனிப் பாடமாகச் சுருங்க, ஏனைய பாடங்களின் நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தன.

இதனால் வரும் இழப்பு யாதென ஓர் எடுத்துக்காட்டாற் காட்டலாம். அறிவியல் நூலிற் கலந்த பொருள்களைப் பிரிக்கும் முறைகளைக் கூறும் இயல் ஒன்று உண்டு. காவிரிக் கடைமடையில் நெல்லோடு வாழும் குடும்பத்துச் சிறுவன் அவ்வியலை வீட்டிலேயே கற்றவன். களத்திற் காற்றில் விடுதல் தூற்றுதல். முறத்தால் மேலெழத் தட்டுதல் புடைத்தல். பக்கவாட்டில் அசைத்து மணியையும் பொடியையும் பிரித்தல் கொழித்தல். துளைவழி விடுதல் சலித்தல். நீரிலிட்டுக் கல் களைதல் அரித்தல். தயிரினின்று வெண்ணெயெடுத்தல் கடைதல். கலங்கல் அடியிற் படியவைத்து மேனீரைக் கொள்ளுதல் தெளிய வைத்து இறுத்தல். தொழில் ஒவ்வொன்றற்கும் ஒவ்வொரு சொல் உண்டு. தாயும் பாட்டியும் நாடோறும் வழங்கும் இச்சொற்களோடு அவ்வியலைக் கற்பித்தால், சிறுவன் தான் முன்னரே அறிஞன் என்று உணர்ந்து தலைநிமிர்வான். அயன்மொழிப் பெயர்களால் மட்டும் கற்பித்தால், தன் வீட்டு அறிவு அறிவே அன்று எனக் கருதித் தலைகுனிவான். பொருள் ஒன்றே, கற்பிக்கும் சொல்லால் விளைவு இரண்டாயிற்று.

அன்றியும், இச்சொற்கள் அடுக்களையோடு நின்றுவிடுவன அல்ல. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று ஞானநெறியின் படிகளைச் சாத்திரங் கூறும். கலங்கிய நீர் தெளிவதைக் குடத்திற் கண்ட குழந்தையே பின்னாளில் உள்ளந் தெளிவது இன்னதென அறிதற்கு உரியது. தெளிதல் என்னும் சொல்லை அடுக்களையிலும் வகுப்பிலும் இழந்தவனுக்குச் சாத்திரத்தில் மட்டும் அது பொருள் தருமோ? பேசக் கற்ற பருவந்தொட்டே இறைவன்பால் அன்பு தம்மிடத்து முகிழ்த்ததென அம்மையார் தம் அற்புதத் திருவந்தாதியின் தொடக்கத்தில் அருளிச்செய்தார். மொழியும் அன்பும் உடன்பிறந்து உடன்வளர்ந்தமைக்கு அவ்வூரே சான்றாய் நிற்கின்றது. அவ்வூர்ச் சிறார் மொழியைத் துறந்து அறிவு பெறுதல் வேண்டும் எனல் முறையாகாது.

ஆங்கிலம் வேண்டாமென்பது இதன் பொருளன்று. உலகியலிற் பிழைத்தற்கு அது கருவி. ஏழைச் சிறார்க்கு அக்கருவியை மறுத்தல் கொடுமை. செல்வர் வீட்டுப் பிள்ளை பெறுவதைத் தன் பிள்ளையும் பெறவேண்டுமென ஒரு மீனவத் தாய் விரும்புவது பிழையாகாது. ஆங்கிலம் வரும்போது தமிழ் வெளியேற வேண்டுவதில்லை என்பதே கருத்து. ஆசிரியர் ஆங்கில நூலைக் கையிற் கொண்டு, தமிழால் விளக்கி, தமிழ்ச்சொல்லையும் உடன் எழுதுவிப்பாராயின் இருமொழியும் ஒருங்கு வளரும்.

தடைவிடை

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர். பள்ளிக்கூடம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாயிருக்க, அம்மையார் வரலாறும் திருநள்ளாறும் அங்கே புகலாமோ என்பர். தடை தக்கதே. காரைக்காலில் இந்துக்களோடு இசுலாமியரும் கிறித்தவரும் நெடுங்காலமாக உடனுறைகின்றனர். அரசின் பொருளால் முற்றும் நடக்கும் கல்விக்கூடங்களிற் சமயபோதனை செய்தலாகாது என்று இந்திய அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்பும் விதித்துள்ளது. ஊரின் வரலாறாக, இலக்கியமாக, நிலநூலாக இவற்றைக் கற்பித்தல் வேறு. வழிபாட்டைக் கற்பித்தல் வேறு. முன்னது பள்ளிக்குரியது, அங்கே தர்காவின் வரலாறும் மாதாகோயிலின் வரலாறும் உடன் கற்பிக்கப்படல் வேண்டும். பின்னது பள்ளியின் கடன் அன்று. அதனைப் பள்ளி செய்யவில்லையென வருந்துவோர், வீட்டிலும் கோயிலிலும் மடத்திலும் அது செய்யப்படுகின்றதா என்று முதற்கண் தம்மையே வினவிக்கொள்ளக் கடவர். நாவலர் அரசினரை நோக்கி முறையிட்டுக்கொண்டு இருந்தாரல்லர். பிடியரிசி தண்டியும் பள்ளி நடத்தினார்.

நூல்கள் அயலிடத்தன, ஆகவே அவற்றை விலக்குக என்பர் வேறு சிலர். அதுவும் பொருந்தாது. காட்சியையும் வினாவையும் பழக்கும் நூலை விலக்கினால் மீண்டும் நெட்டுருவே எஞ்சும். மேலும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்பு மாணாக்கர் பத்து நாள் புத்தகப்பையின்றி ஊர்த்தொழிலாளரிடம் சென்று பயிலவேண்டும் என 2020 ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கூறியுள்ளது. தச்சரும் குயவரும் தோட்டக்காரரும் ஆசிரியராகத்தக்க அப்பத்து நாளிற் படகு கட்டுவோரும், நெல் விதைப்போரும், நாகசுரம் வாசிப்போரும் காரைக்காற் சிறார்க்கு ஆசிரியராகலாம். வாயில் திறந்திருக்கக் கதவை வைவதிற் பயனில்லை.

காட்டலும் காண்டலும்

உயிர்க்கு இறைவன் செய்யும் உபகாரம் இருவகைத்து எனச் சித்தாந்தம் கூறும். பொருளை உயிர்க்குக் காட்டுதல் ஒன்று. உயிரோடு உடனின்று தானும் காணுதல் மற்றொன்று. காட்டுவதோடு நின்றால் உயிர் காணமாட்டாது; ஆகலின் அவன் கண்டும் உதவுவான். கல்வியிலும் இவ்விரண்டும் வேண்டும். பாடநூல் காட்டும்; உடனின்று காணமாட்டாது. கணிதம் ஒருவர், அறிவியல் ஒருவர், தமிழ் ஒருவர் எனப் பலர் வந்து காட்டிச்செல்ல, இவையெல்லாவற்றையும் அச்சிறுவனோடு உடனிருந்து காண்பார் ஒருவருமிலர் என்பதே இக்காலக் கல்வியின் குறை. பாடங்கள் பல, மாணாக்கன் ஒருவன். அவன் கற்றதை அவனோடு கண்டு மகிழ்ந்து, ஒன்றோடொன்று பொருத்திக் கொடுப்பார் ஒருவர் உளராயின் பாடங்கள் கல்வியாகும். இலராயின் அவை தேர்வு முடிந்த மறுநாளே மறதியிற் சென்று ஒடுங்கும். இறைவன்பால் வரம் வேண்டியபோது, பிறவாமையையும், பிறப்பு நேரின் மறவாமையையும் அம்மையார் வேண்டினார் என்பது இவ்விடத்து நினையத்தக்கது. மறவாத கல்வி அன்பு கலந்த கல்வியே.

அவ்வாறு உடனின்று காண்பார் ஆசிரியராகலாம், படித்த தமையனாகலாம், எழுத்தறியாத பாட்டியுமாகலாம். காரைக்காலம்மையார் திருக்கோயிலிலோ, திருத்தெளிச்சேரி முன்றிலிலோ வாரம் ஒருநாள் மாலையிற் சிறாரைக் கூட்டி, அவ்வாரம் பள்ளியிற் கற்றதை அவர் வாயாற் சொல்லக் கேட்டு, தமிழ்ச்சொல் சேர்த்து, ஊர்ச்செய்தி சேர்த்து, இறுதியில் ஒரு திருப்பதிகம் ஓதுவித்து அனுப்புதல் சைவ அன்பர்க்கு அரிய செயலன்று. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; ஒரு விளக்கும் ஒரு பாயும் பொறுமையும் போதியன.

திருத்தருமபுரத்தில் நிகழ்ந்தது இதற்கு முடிவாக அமைகின்றது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழில் இட்டு வாசித்தலாலேயே பிள்ளையார் பதிகங்களின் இசை சிறக்கின்றது என அவர் சுற்றத்தார் செருக்கினர். யாழ்ப்பாணர் அதனைப் பொறாது விண்ணப்பிக்க, யாழில் அடங்காத இசையமைந்த ஒரு பதிகத்தைப் பிள்ளையார் அங்கே அருளினார். யாழ்ப்பாணர் நாணி யாழை முறிக்க ஓங்கினார். பிள்ளையார் அதனைத் தடுத்து, சிவசத்தியின் இசை இக்கருவியில் முழுதும் அடங்குமோ, அடங்கிய அளவில் வாசிப்பீராக என்று அருளி யாழை அவர் கையிலேயே மீளக் கொடுத்தார்.

தில்லியில் எழுதிய பாடநூலும் அத்தகையதொரு கருவியே. காரைக்காலின் மண்ணும் மொழியும் அருளும் அதில் அடங்கவில்லை. அடங்காதென்று அதனை முறித்தல் அறிவுடைமையாகாது. அடங்கிய அளவில் அதனை நன்கு வாசிப்பிக்க. அடங்காத எஞ்சிய இசையைச் சிறார் தம் வாயினாற் பாடக் கற்பிக்க. இவ்விரண்டும் செய்வார் உளராயின், அம்மையார் பிறந்த ஊர்ப் பிள்ளைகள் எந்நூலைச் சார்ந்தும் தம் வண்ணம் இழவார்.

திருச்சிற்றம்பலம்